முப்பது ஆடுகளும் ஐந்து ஆசிரியர்களும்

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எனக்கு ஒரு மெயில் வந்தது. எடுத்த எடுப்பில் 'டியர் டாக்டர்' என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

நான் ப்ளஸ் டூ. அதற்கு மேல் படிக்கவில்லை. அருப்புக்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து அழைப்பிதழ் அடிக்கிற சின்ன பிரஸ் நடத்துகிறேன். வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் உங்களிடம் வாயாடுகிறேன். என்னை ஒருவர் டாக்டர் என்று கூப்பிட்டால் அது கிண்டலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ராடாக இருக்க வேண்டும்.

ஃப்ராடு என்றே முடிவு செய்து அழிக்கப் போனேன். அப்போதுதான் நடுவில் ஒரு சொல் கண்ணில் பட்டது. கோட்ஸ். ஆடுகள். லாட்டரி விழுந்தது என்கிறவன், கரண்ட்டைப் பிடுங்கிவிடுவேன் என்கிறவன்... எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆட்டைச் சொல்லி ஏமாற்ற வந்தவனை மட்டும் பார்த்ததில்லை.

ஃபோனையே தமிழில் மாற்றிச் சொல்லச் சொன்னேன். சொன்னது. படித்துவிட்டு, கட்டிங் மெஷின் பக்கத்தில் இருந்த பேப்பர் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வறண்ட நிலத்து வெள்ளாடுகளின் எடையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை அவர்களுடைய ஜர்னலுக்கு வந்திருக்கிறதாம். அதை எழுதிய ஐந்து பேரில் ஐந்தாவது ஆள் நானாம். என் பங்களிப்பு — 'களப்பணி வடிவமைப்பு'. நிஜம்தான் என்றால் 'ஆம்' என்பதை அமுக்க வேண்டும். இல்லையென்றால் 'இல்லை'.

நான் என் ஆயுசில் எழுதிய ஒரே ஆடு, கறிக்கடையில் கொடுத்த சீட்டில்தான் இருக்கும்.

யார் வேலை என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. என் அண்ணன் மகள் சுகன்யா. திருச்சுழியில் வீடு. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியலில் பிஎச்.டி. செய்கிறாள். ஆறு வருடமாக. கோடையில் புல் பூண்டு இல்லாமல் கருவேல மரத்தடியில் உதிரும் காய்களை, கருவ நெத்தை, தின்றே உயிர் பிழைக்கிற ஆடுகள் எவ்வளவு இளைக்கின்றன, மழைக்குப் பிறகு எப்படித் தேறுகின்றன என்பது அவள் ஆராய்ச்சி. நரிக்குடி தாண்டி ஒரு கிராமத்தில், பஞ்சவர்ணம் என்கிற பெண்ணின் முப்பது ஆடுகளை ஒரு வருடம் வாராவாரம் எடை போட்டார்கள். அந்த ஊருக்குப் பஸ்ஸு எப்போதாவதுதான். அதனால் ஏழெட்டு தடவை நான் என் வண்டியில் இவளைக் கொண்டுபோய் விட்டேன். விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஃபோன் பார்த்தேன். அதுதான் களப்பணி வடிவமைப்பு.

உடனே கூப்பிட்டேன்.

"சுகன்யா, என்னடி இது?"

"மெயில் வந்துருச்சா அத்தை? அந்த யெஸ்ஸ மட்டும் அமுக்கி விட்ருங்க. மத்த நாலு பேரும் அமுக்கியாச்சு. உங்களது ஒண்ணுதான் பாக்கி."

"நான் என்னத்தடி எழுதுனேன்?"

"நீங்கதான வண்டியில கூட்டிட்டுப் போனீக."

"அப்ப வண்டி பேரையும் போட்ருக்க வேண்டியதுதான."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சாயந்திரம் பிரஸ்ஸுக்கு வரச் சொன்னேன்.

வந்தாள். மெலிந்து போயிருந்தாள். அவள் பதிவுக் காலம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதில் வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், கட்டுரையைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டோம் என்று ஜர்னலிலிருந்து கடிதம் வர வேண்டும். அந்தக் கடிதம் வர வேண்டும் என்றால் ஐந்து பேரும் ஆம் சொல்ல வேண்டும். அதாவது, ஆறு வருடப் படிப்பு வந்து என் கட்டைவிரலில் நின்றது.

"அஞ்சு பேரு யாரு யாரு? வரிசையாச் சொல்லு."

"மொத நானு. அடுத்து எங்க கைடு சாரு. மூணாவது துறைத்தலைவரு. நாலாவது அவர் மகளு."

"அந்தப் பிள்ளையும் ஆடு மேய்க்குதா?"

"இல்ல அத்தை. அவ வேற காலேஜுல கெமிஸ்ட்ரி. வேலைக்கு அப்ளை பண்ணணுமாம், பேப்பர்ல பேரு இருந்தா நல்லாருக்கும்னு சாரு சொன்னாரு."

"நீயும் சரின்னுட்ட."

"இல்லைன்னா சொல்ல முடியும்?"

"சரி, ஏம் பேரு எதுக்கு?"

"எல்லார் பேரையும் போடுறேன், வேகாத வெயில்ல வந்த உங்கள விட முடியுமா? நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண் ஆய்வுக் கட்டுரைக்குப் பெயர் போட்டிருக்கிற விதம், காதுகுத்து அழைப்பிதழுக்கு எங்கள் பக்கம் பெயர் போடுகிற விதம்.

இருபத்திரண்டு வருடமாக நான் அடிக்கிறேன். தாய்மாமன்மார் ஒரு வரிசை, பங்காளிகள் ஒரு வரிசை, துபாயில் இருக்கிறவர் பெயர், பேசிப் பத்து வருடமான சித்தப்பா பெயர்... ஒன்றை விட்டாலும் மண்டபத்தில் நாற்காலி பறக்கும். போன ஆவணியில் ஒரு வீட்டில் சின்ன மாமன் பெயர் பெரிய மாமன் பெயரைவிட ஒரு பாயிண்ட் சிறிதாகிவிட்டது என்று அத்தனை கார்டையும் திரும்ப அடிக்க வைத்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது மரியாதை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அந்தப் பெயர்களைப் பார்த்து யாரும் சட்டையைப் பிடிக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு ஆராய்ச்சி? அதில் பெயர் போட்டால் என்ன அர்த்தம்? இதில் இருப்பது உண்மை, தப்பு இருந்தால் என்னைக் கேள் — அதுதானே? எனக்கே தெரிகிறது. படித்தவர்களுக்குத் தெரியாதா?

பட்டியலை இன்னொரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஏதோ இடித்தது.

"பஞ்சவர்ணம் பேரு எங்க?"

அவள் மேஜையில் கிடந்த அழைப்பிதழ் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

"ஏய், ஒன்னத்தான்."

"கடைசியில நன்றின்னு ஒரு பாரா இருக்கு அத்தை. அதுல 'உள்ளூர் ஆடு வளர்ப்போர்'னு போட்ருக்கேன்."

"பேரு?"

"பேரு இல்ல."

"வருசம் பூரா ஆட்டத் தூக்கித் தராசுல தொங்க விட்டவ பேரு இல்ல. மரத்தடியில ஃபோன் நோண்டுனவ டாக்டரு."

"அவுகளுக்கு மெயில் ஐடி கெடையாது அத்தை. அந்த வெப்சைட்டுல ஆசிரியர்னு போட்டா ஒவ்வொருத்தருக்கும் மெயில் ஐடி கேக்கும். குடுக்காம அடுத்த பக்கம் போகாது."

நியாயமாகப் பார்த்தால் நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. மெயில் ஐடி இல்லாததால் ஒரு மனுஷி இல்லை. கோயில் திருவிழா நோட்டீஸ் டிசைன் அனுப்புவதற்காக நான் வைத்திருக்கிற ஐடியால் நான் விஞ்ஞானி.

"காலையில வண்டி எடுக்கிறேன். நீயும் வார. அவகிட்டக் கேப்போம்" என்றேன்.

போனோம். பஞ்சவர்ணத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு நிற்காது. ஆட்டுப் பட்டியை ஒட்டிக் கட்டில் போட்டு உட்காரச் சொன்னாள். விஷயத்தைச் சொன்னேன். பெயர் விட்டுப் போனதைக் கேட்டு அவள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "அது கெடக்கட்டும். என்னதான் எழுதியிருக்கு, சொல்லு தாயி" என்று சுகன்யாவைக் கேட்டாள்.

சுகன்யா ஃபோனில் கட்டுரையைத் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். வருடம் முழுக்க அதே முப்பது ஆடுகள். கோடையில் இத்தனை இளைப்பு. ஐப்பசி மழைக்குப் பின் வேகமாகத் தேறின...

"நில்லு" என்றாள் பஞ்சவர்ணம். "அதே முப்பதா?"

"ஆமாக்கா."

"தீபாவளிக்கு நாலு உருப்படிய வித்தேன்ல தாயி."

சுகன்யா முகம் மாறியது. "எந்த நாலு?"

"கறுப்பன், மூளிக்காதன், செவலையன், அந்தச் சுட்டிக்காரன். நாலும் தேறல. இதுக்கு மேல வச்சிருந்தா தோலுதான் மிஞ்சும்னு தள்ளிவிட்டேன்."

"அதுக்கப்புறமும் கறுப்பன் வெயிட்டு அனுப்பிச்சீகளே அக்கா. மூளிக்காதன் வெயிட்டும்..."

"அது வேற கறுப்பன். எங்கக்கா வீட்டுத் தோட்டத்துல வளந்தது. நல்லாத் தீவனம் தின்ன உருப்படி. நாலு பிடிச்சிட்டு வந்து நிறுத்திட்டேன். நீதான முப்பது கொறையக் கூடாதுன்ன? ஒங்கிட்டச் சொன்ன சொல்லு தவறலாமா?"

வாசகர்களே, நான் அந்தக் கட்டிலில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

இங்கே ஆட்டுக்குப் பெயர் நிறத்தையும் காதையும் வைத்து. ஒரு கறுப்பன் போனால் அடுத்த கறுப்பன். காதில் நம்பர் போட்ட தோடு மாட்டலாம் என்று சுகன்யா ஆரம்பத்திலேயே கேட்டாள். பஞ்சவர்ணம் மாட்ட விடவில்லை. தோடு மாட்டினால் அரசாங்கம் கொடுத்த இலவசத் திட்டத்து ஆடு என்று வியாபாரி விலையைக் குறைப்பானாம். ஆக, பெயர்தான் அடையாளம். அந்தப் பெயர் ஆள் மாறி நின்றிருக்கிறது. எலும்பும் தோலுமாக இருந்த நாலு போய், கொழுத்த நாலு வந்து நின்றிருக்கிறது. கட்டுரை சொல்கிறது — மழை பெய்ததும் ஆடுகள் வேகமாகத் தேறின.

"இத ஏங்கிட்டச் சொல்லவே இல்லையே அக்கா" என்றாள் சுகன்யா.

"சொல்லாம என்ன? அந்த வெள்ளிக்கெழமையே ஃபோன்ல சொன்னேன்."

பஞ்சவர்ணம் எடைகளை எழுதி அனுப்புவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். சுகன்யா அழித்திருக்கவில்லை. தீபாவளியை ஒட்டி வந்ததைத் தேடி எடுத்துப் போட்டாள். ஆறு நிமிடம். முதலில் வரிசையாக எடைகள். கறுப்பன் இத்தனை, செவலையன் இத்தனை, வாலறுந்தவ இத்தனை. முப்பதாவது ஆடு முடிந்தது. பிறகு மகளுக்குச் சளி, தெருவில் தண்ணீர் வரவில்லை, சம்பந்தி வீட்டில் சண்டை... அதற்கும் பிறகு, பின்னால் ஆடு கத்துகிற சத்தத்தோடு, தெளிவாக — "தாயி, அந்தக் கறுப்பன் வகையறா நாலையும் வித்தாச்சு. இது அக்கா வீட்டு உருப்படிக. கணக்குல பாத்து எழுதிக்க."

சுகன்யா ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"முப்பது வந்ததும் நிப்பாட்டிருவேன் அத்தை" என்றாள் சுகன்யா. "மிச்சம் எப்பவும் வீட்டுக் கதையாத்தான் இருக்கும்."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. என்னை உறுத்தியது வேறு. இந்தக் கட்டுரைக்கு ஐந்து ஆசிரியர்கள். இவளைத் தவிர ஒரு பேராசிரியர், ஒரு துறைத்தலைவர், ஒரு கெமிஸ்ட்ரி, ஒரு பிரஸ்காரி. ஒரே மழையில் நாலு ஆடு இப்படிக் கொழுக்குமா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆளை நன்றிப் பாராவில், பெயர் இல்லாமல், கூட்டத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

சுகன்யா அங்கிருந்தே வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நான்கு ஆடு மாறிவிட்டதைச் சொன்னாள்.

"நாலு ஆடுதானேம்மா" என்றார்.

"சார், கிராஃப் ஏறுறதே அந்த நாலாலதான்."

"யார் வந்து எண்ணப் போறாங்க? அந்தக் கிராஃப்தான் பேப்பரே. எல்லாரும் கன்ஃபர்ம் பண்ணியாச்சு. உங்க அத்தையை யெஸ் குடுக்கச் சொல்லு. மாசக் கடைசி ஞாபகம் இருக்குல்ல?"

அவர் கெட்டவர் இல்லை. ஒருதடவை பார்த்திருக்கிறேன், மரியாதையாகப் பேசினார். அதனால்தான் தூக்கிவாரிப் போட்டது. திருடன் மாதிரி ரகசியமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. பஸ்ஸைத் தவறவிடாதே என்று சொல்கிற மாதிரி அக்கறையாகச் சொன்னார்.

ஃபோனை வைத்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் அந்த மெயில் திறந்தே இருந்தது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரில் யார் தப்பு செய்தாலும் இந்தப் பக்கத்தில் வைத்துக் கிழிக்கிறவள் நான். என் விரல் எதன் பக்கம் போனது தெரியுமா? ஆம் என்பதன் பக்கம். ஆறு வருடம். இந்தப் பெண்ணுக்கு வந்த இரண்டு வரன்கள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப் போய், அப்படியே போயின. தங்கியிருந்த ஹாஸ்டலில் வருடா வருடம் கூட இருந்தவர்கள் மாறினார்கள், இவள் மாறவில்லை. நாலு ஆடுதானே... என்று என் மனமும் சொன்னது. அதே வார்த்தை. அந்த மனுஷன் சொன்ன அதே வார்த்தை.

"அத்தை, ஃபோனக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவள் யோசித்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. 'இல்லை' என்பதை அமுக்கினாள். அமுக்கிவிட்டு, பட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அழட்டும் என்று நானும் பஞ்சவர்ணமும் அந்தப் பக்கம் போகவில்லை.

"நான் சொன்னதாலயா?" என்று பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள்.

"நீ சொன்னது சரி. கேக்காததுதான் தப்பு" என்றேன்.

மறுநாளே கட்டுரை திரும்பி வந்தது. என் மதினி, அதாவது சுகன்யாவின் அம்மா, எனக்கு ஃபோன் போட்டு, "ஒங்க வாய வச்சுக்கிட்டு ஒரு தடவையாவது சும்மா இருக்க முடியாதா? அவ வாழ்க்கைல போயா நேர்மை காட்டணும்?" என்றாள். அமுக்கியது நான் இல்லை, உன் மகள்தான் என்று நான் சொல்லவில்லை. திட்டு வாங்க யாராவது வேண்டும், நான் வாங்கிக்கொண்டேன். மதினி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அடுத்து வந்ததுதான் உச்சம். தகவலில் தப்பு இருக்கிறது என்று சுகன்யா மற்ற நாலு பேருக்கும் எழுதினாள். துறைத்தலைவரிடமிருந்து அரை மணி நேரத்தில் பதில். தன் பெயரையும் மகள் பெயரையும் உடனே எடுத்துவிட வேண்டுமாம். இந்தக் கட்டுரையில் தங்களுக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லையாம். அதை எழுத்திலேயே கொடுத்துவிட்டார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு தப்பு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

வழிகாட்டி மட்டும் விலகாமல் இருந்தார். இரண்டு நாள் கோபமாக இருந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கால நீட்டிப்புக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இவள் ஆறு மாதம் கேட்டாள். மூன்று மாதம் கொடுத்தார்கள்.

நாலு ஆட்டையும் நீக்கி, இருபத்தாறு ஆட்டை வைத்து மறுபடி போட்டாள். முன்பு அழகாக ஏறிய கோடு ஏறவில்லை. மழை பெய்த பிறகும் வெகுநாள் அவை இளைத்துத்தான் கிடந்திருக்கின்றன. வேகமாகத் தேறின என்று எழுதிய ஒரு பக்கத்தை அவளே அடித்து நீக்கினாள். தேறாத நாலு ஆடுகள் பாதியில் விற்கப்பட்டன என்பதையும், அது தனக்குத் தாமதமாகத் தெரிந்தது என்பதையும் வெளிப்படையாக எழுதினாள். இப்படி எழுதினால் ஜர்னல் ஏற்குமா? தெரியாது. ஆய்வேட்டுக்கு இருக்கிற நாளும் அதிகம் இல்லை.

புதுக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் மூன்று பேர். சுகன்யா, வழிகாட்டி, பஞ்சவர்ணம். என் பெயர் இல்லை, நிம்மதி. பஞ்சவர்ணத்துக்கு என் பிரஸ்ஸில் உட்கார்ந்துதான் மெயில் ஐடி தொடங்கினோம். அவளுக்கும் அந்த மெயில் வந்தது. டியர் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை சுகன்யாவோடு நானும் போனேன்.

"அக்கா, இந்த யெஸ்ஸ அமுக்குங்க" என்று சுகன்யா ஃபோனை நீட்டினாள்.

பஞ்சவர்ணம் கையை நீட்டவில்லை. "என்ன எழுதியிருக்கன்னு மொதல்ல படி."

"இங்கிலீஷ்ல இருக்குக்கா. பதினாறு பக்கம்."

"தமிழ்ல சொல்லு. ஆடுக இப்பப் பட்டிக்கு அடையாது, நேரம் கெடக்கு."

இரண்டரை மணி நேரம் ஆனது. இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஒன்பது மணிக்கு ஆடுகளை அவிழ்ப்பதாக எழுதியிருந்தது, பத்தரை என்று மாற்றச் சொன்னாள். கருவ நெத்து மாசி மாதமே விழுவதாக இருந்ததை, "எங்க பக்கம் பங்குனி பொறந்துதான்" என்றாள். சுகன்யா திருத்தி, திரும்ப அனுப்பி, அதற்கான புது மெயில் வரும்வரை காத்திருந்தாள். அதன் பிறகுதான் பஞ்சவர்ணம் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினாள்.

இரண்டு பட்டியலிலும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். எழுதியவளைத் தவிர, அந்தக் கட்டுரையில் என்னதான் இருக்கிறது என்று கேட்ட ஒரே ஆசிரியர் பஞ்சவர்ணம்தான்.